பழைய கணினியில் சத்தம் வராதபோது செய்யக் கூடாதவை

என்னிடம் வேலை பழகும் இரண்டு பொடியன்கள், உவர்மலையிலிருந்து வந்த ஒரு பென்டியம் கணினியில் சத்தம் வரவில்லை என்பதற்காக, சென்ற கிழமை விண்டோஸ் 98ஐ முற்றாக அழித்துப் புதிதாகப் போட ஆயத்தமானார்கள். இருபது வருடங்களுக்கு முன் இதே மேசையில் நான் செய்த மடைத்தனமும் அதுதான். ஸ்பீக்கருக்கு மின்சாரம் போகிறதா, மியூட் விழுந்திருக்கிறதா என்பவற்றை எவரும் பார்ப்பார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

எந்தச் சத்தம் என்று கேளாமல் ஃபோமட் செய்வது

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது கணினியைக் கொண்டுவந்து, “தம்பி, இதில பாட்டு கேக்குதில்ல” என்றார். நான் ‘பாட்டு’ என்பதை விட்டுவிட்டுக் ‘கேக்குதில்ல’ என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். இசைத்தட்டைப் போட்டால் பாட்டு வருவதில்லை என்றுதான் அவர் சொன்னார். விண்டோஸ் தொடங்கும்போது எழும் ஒலி அவர் வீட்டில் ஒழுங்காகவே கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் (ஒலி அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பழுதென்று நானாகவே தீர்மானித்து ஃபோமட் செய்தேன். செய்து முடித்ததும் அதுவரை வந்த ஒலியும் நின்றுபோனது, ஏனெனில் அந்த ஒலி அட்டைக்குரிய டிரைவர் அழிந்துபோன வன்தட்டில் மட்டுமே இருந்தது; அட்டையுடன் வந்த சிடி எப்போதோ தொலைந்திருந்தது.

உண்மையான பழுது இதுதான்: அவருடைய சிடி டிரைவைச் சில நாட்களுக்கு முன் மாற்றிக் கொடுத்தவர், அதன் பின்புறத்திலிருந்து ஒலி அட்டைக்குப் போகும் நான்கு முனை வயரைத் திரும்பச் செருக மறந்திருந்தார். அக்காலக் கணினிகளில் இசைத்தட்டின் ஒலி பெரும்பாலும் தட்டையான தரவுக் கேபிள் வழியே வருவதில்லை. டிரைவே அதை அனலாக் ஒலியாக மாற்றி, ஓரங்களில் இடதும் வலதும் நடுவில் இரண்டு எர்த்தும் கொண்ட அந்த மெல்லிய வயரால் அட்டைக்கு அனுப்பிவிடும். வயர் கழன்றிருந்தால் தட்டுச் சுற்றும், திரையில் நிமிடம் ஓடும், பாட்டு மட்டும் வராது. மாட்டுவதற்கு இரண்டு நிமிடம்கூடப் போகாது.

அந்த வன்தட்டில் தம் தாயாரை மைக்குக்கு முன் இருத்திப் பாடவைத்துப் பதிந்த ஊஞ்சல் பாட்டுகளை அவர் வைத்திருந்தார். நான் கூலி வாங்கவில்லை. அவரும் ஏசவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போனார். ஏசியிருந்தால் இந்த எரிச்சல் இவ்வளவு காலம் நின்றிருக்காது.

ஆகவே ஸ்குரூ டிரைவரை எடுக்குமுன், தொடக்க ஒலி, வேவ் கோப்பு (பதிந்த ஒலி), மிடி இசை (இசைக்குறிப்புகளைக் கொண்டு கணினியே வாசிப்பது), இசைத்தட்டு, டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) விளையாட்டு ஆகியவற்றில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேவ் வந்து மிடி வராவிட்டால் ஒரு பழுது. இரண்டும் வந்து தட்டு மட்டும் ஊமையானால் வேறு பழுது.

அட்டை வந்த பெட்டியில் உள்ள பெயரை நம்பி டிரைவர் தேடுவது

அட்டையின் நடுவிலுள்ள பெரிய சிப்பின் எண்ணை வாசியுங்கள். ஈஎஸ்1868 என்றோ ஒய்எம்எஃப்719 என்றோ அங்கே இருப்பதே அதன் உண்மையான பெயர்.

ஐஆர்கியூ 7இல் விட்டுவிடுவது

ஐஆர்கியூ என்பது கணினியின் ஓர் உறுப்பு செயலியைக் கூப்பிடும் வழியின் எண். 1989இல் வந்த முதலாவது சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை ஐஆர்கியூ 7இலேயே அமைக்கப்பட்டு வந்தது. பிரிண்டர் துறையான எல்பிடி1இன் வழக்கமான எண்ணும் அதுவே என்பதால் இரண்டும் மோதலாம். 1992இன் சவுண்ட் பிளாஸ்டர் 16 வழமையாக 5இல் நிற்கும். டொஸ்ஸில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்று எழுதும் வரி (ஐ5 என்பது ஐஆர்கியூ 5), ஜம்பர் (எண்ணைத் தெரிவுசெய்ய அட்டையில் மாட்டும் சிறு மூடி) வைத்த அட்டைகளுக்கு இடப்படும் கட்டளை அன்று; அட்டை எங்கே இருக்கிறது என்று விளையாட்டுக்குக் கொடுக்கும் விலாசம். ஜம்பர் 7இல் இருக்க விலாசம் 5 என்று சொன்னால், ஒரு சிறு துண்டு ஒலியே திரும்பத் திரும்பக் கேட்கும், அல்லது விளையாட்டு உறைந்துவிடும். அதைக் கேட்டு ஸ்பீக்கரை மாற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நிறம் பார்த்துச் செருகுவது

பழைய அட்டைகள் பலவற்றில் ஸ்பீக்கர், மைக் துளைகளுக்குப் பச்சையும் இளஞ்சிவப்பும் இல்லை. தகட்டில் பொறித்த எழுத்தை டோர்ச் அடித்து வாசியுங்கள்.

சுவரிலிருந்து வயரைக் கழற்றாமல் அட்டையைப் பிடுங்குவது

ஏடிஎக்ஸ் வகை மின்வழங்கி உள்ள கணினியில் அணைத்த பின்பும் 5 வோல்ட் நிற்கும். வேண்டாம்.

கடற்காற்றை மறப்பது

பொடியன்களின் பென்டியத்தில் இருந்த பழுது இதுதான். கடலைப் பார்த்த அறையில் வருடக்கணக்கில் நின்ற அந்தக் கணினியில், ஒலி அட்டையின் பொன்னிற விளிம்பு தேயிலைச் சாயம் பிடித்ததுபோல் கறுத்திருந்தது. மென்மையான அழிறப்பரால் ஒரே திசையில் தேய்த்து, தூளைத் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு அழுத்திச் செருகியதும் தொடக்க ஒலி வந்தது. அதற்குள் ஒருவன் அரத்தாளை எடுத்துவிட்டான். பொற்பூச்சு மிக மெல்லியது என்பதால் அரத்தாளை அவன் கையிலிருந்து பறிக்க வேண்டியதாயிற்று.