மின்கம்பி எட்டாத வீட்டுக்கு ஜெனரேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழனி மலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மின்வாரியக் கம்பி இன்னும் வந்து சேராத ஒரு தோட்டத்து வீட்டில் நான் வசிக்கிறேன். 3 கிலோவாட் சூரியத் தகடுகளும், 48 வோல்ட்டாக இணைக்கப்பட்ட நான்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரிகளும், ஓர் இன்வெர்ட்டரும் ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதுமானவையாக உள்ளன. ஐப்பசியில் அடைமழை தொடங்கி, மூடுபனி நாள் கணக்கில் விலகாமல் நிற்கும்போதுதான் ஜெனரேட்டர் தேவைப்படுகிறது. முதன்முறை வாங்கியபோது, வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களின் வாட் அளவையும் கூட்டி, கடைக்காரர் சொன்னபடி 5 கே.வி.ஏ. (கிலோவாட்டைப் போலத் திறனைக் குறிக்கும் அளவு) பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினேன். அது தன் திறனில் கால் பங்குகூடப் பயன்படாமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. சூரிய மின்சாரத்தில் இயங்கும் வீட்டில் ஜெனரேட்டரின் முதல் வேலை பேட்டரியை ஏற்றுவதே என்பதை அப்போது நான் உணரவில்லை. கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குகின்றன.

படி 1: பற்றாக்குறையைக் கணக்கிடுங்கள்

வீட்டின் ஒரு நாள் செலவை யூனிட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் விளக்குகள், மின்விசிறிகள், 200 லிட்டர் குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு மூன்றரை யூனிட் ஆகிறது. பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவு 7.2 யூனிட் என்றாலும், ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், கைக்கு வருவது 3.6 யூனிட் மட்டுமே. மழை நாளில் தகடுகள் ஒரு யூனிட் தந்தால் மீதி இரண்டரை யூனிட்டை ஜெனரேட்டர் ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டரை என்ற எண்ணை வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

படி 2: பேட்டரி எவ்வளவு வாங்கும் என்று பாருங்கள்

புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். ஈய-அமில பேட்டரியை அதன் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஏற்றுவது வழக்கம். ஆகவே 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 15 ஆம்பியர். ஏற்றும்போது மின்னழுத்தம் 54 வோல்ட் அளவில் இருக்குமானால், பேட்டரிக்குள் செல்வது சுமார் 800 வாட்; சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிலிருந்து எடுக்கப்படுவது ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஜெனரேட்டர் 2 கே.வி.ஏ. ஆனாலும் 10 கே.வி.ஏ. ஆனாலும் இந்த பேட்டரி வாங்கிக்கொள்வது அந்த ஒரு கிலோவாட்டைத்தான். பெரிய எந்திரம் வாங்கினால் ஏற்றும் நேரம் குறைந்துவிடும் என்று நினைப்பது வீண். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு: அது தன் கொள்ளளவில் பாதி அளவு மின்னோட்டத்தைக்கூடப் பொதுவாகத் தாங்கும் என்பதால், அங்கே சார்ஜரின் அளவே எல்லையை வகுக்கும்.

எங்கள் இரண்டரை யூனிட் பற்றாக்குறைக்கு, எல்லா இழப்புகளையும் கழித்துப் பார்த்தால், நாளுக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கிறது. பேட்டரி எண்பது விழுக்காட்டை நெருங்கும்போது மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அதற்கு மேல் ஜெனரேட்டரை ஓடவிடுவது எரிபொருளை வீணாக்குவது. அதனால் காலையில் ஓட்டி நிறுத்திவிட்டு, கடைசி இருபது விழுக்காட்டை மதியம் எட்டிப்பார்க்கும் அரைகுறை வெயிலுக்கு விட்டுவிடுகிறேன்.

படி 3: தண்ணீர் மோட்டாரைத் தனியாகக் கவனியுங்கள்

1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது சுமார் 1.1 கிலோவாட் எடுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய ஜெனரேட்டர் அந்த ஒரு நொடியில் திணறி, மின்னழுத்தம் சரிந்து, மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். நான் 5 கே.வி.ஏ. வாங்க நேர்ந்ததற்கு உண்மையான காரணம் இந்த ஒரு மோட்டார்தான் என்பது பிறகே புரிந்தது. நாளுக்கு இருபது நிமிடம் ஓடும் மோட்டாருக்காக ஆண்டு முழுவதும் பெரிய எந்திரத்தைச் சுமப்பதைவிட, மோட்டாரை மாற்றுவதே மலிவு. வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டும் கட்டுப்பாட்டுக் கருவியுடன் வரும் சூரிய மின் பம்பைப் பொருத்தி, வெயில் உள்ள நாட்களில் 2,000 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். மோட்டார் கணக்கிலிருந்து விலகியதும், 2 கே.வி.ஏ.யைச் சற்றே தாண்டும் எந்திரம் போதும் என்று ஆகிவிட்டது.

படி 4: உயரத்துக்காகக் கழியுங்கள்

மலையில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் திறன் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு குறையும். 1,500 மீட்டரில் இது பதினேழு விழுக்காட்டுக்கு மேல். அதாவது சமவெளியில் 2.2 கிலோவாட் தரும் எந்திரம் இங்கே 1.8 கிலோவாட்தான் தரும். சார்ஜருக்கு ஒரு கிலோவாட், இடையில் ஓடும் மிக்ஸிக்கு முக்கால் கிலோவாட் என்றால் அது சரியாகப் பொருந்தும், ஆனால் இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லை. மெலிந்த காற்றில் கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை விடுவதால், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். உயரமான இடத்துக்கென்று சிறிய துளையுள்ள ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பாகம்) கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

படி 5: எரிபொருளையும் வகையையும் முடிவுசெய்யுங்கள்

நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடும் டீசல் எந்திரம் நீண்ட காலம் உழைக்கும். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் யூனிட்டும் அதிகம். ஆனால் கனமானது, விலை கூடியது. திறனில் முப்பது விழுக்காட்டுக்கும் குறைவான சுமையில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத எரிபொருள் புகைக்குழாயில் படிந்து எந்திரத்தைக் கெடுக்கும். பாசனத்துக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டுபவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன். எரிவாயு கெட்டுப்போகாது என்பது நல்ல குணம்தான். ஆயினும் சமையலுக்கு வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, வணிக சிலிண்டரை மலைப்பாதையில் தூக்கிவர வேண்டும்.

ஆண்டில் நாற்பது நாட்கள் மட்டும் தேவைப்படும் எங்களைப் போன்றோருக்குப் பெட்ரோலே ஏற்றது. அதிலும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரையே தேர்ந்தெடுங்கள். சாதாரண வகை, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3,000 சுழற்சியில் ஓடியே 50 ஹெர்ட்ஸ் தர முடியும். இன்வெர்ட்டர் வகையோ சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் குறைவு. மின்சாரத்தின் அலைவடிவம் சீராக இருப்பதால், வீட்டு இன்வெர்ட்டரின் சார்ஜர் அதை மறுக்காமல் ஏற்கும். என் பழைய எந்திரத்தின் மின்சாரத்தை அது, சீரான மின்சாரத்தை மட்டும் ஏற்கும் ‘யு.பி.எஸ்.’ நிலையில் ஏற்கவே இல்லை. விலை கூடுதல் என்பது உண்மை. பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கிடைக்கும் நிலையில், ஒரு யூனிட் 50 ரூபாய்க்குக் குறையாது. இந்தக் கணக்கைப் போட்டபின், இன்னும் இரண்டு தகடுகள் சேர்த்தால் ஜெனரேட்டர் ஓடும் நாட்கள் எத்தனை குறையும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 6: வைக்கும் இடமும் இணைப்பும்

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். மழைக்குப் பயந்து எந்திரத்தைத் திண்ணையிலோ, சன்னலுக்கு அடியிலோ, கதவு திறந்திருக்கிறது என்ற தைரியத்தில் சமையற்கட்டிலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால், பக்கங்கள் திறந்த கூரையின் கீழ், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்க்குமாறு வையுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டின் ஒயரிங்கில் நேரடியாகச் சொருகக் கூடாது. அதன் கம்பி இன்வெர்ட்டரின் மின்வாரிய உள்ளீட்டுக்குச் செல்ல வேண்டும். நேரடியாக வீட்டுக்குக் கொடுப்பதானால் இடையில், ஒரு நேரத்தில் ஒரு மின்வழியை மட்டும் வீட்டுடன் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும். இன்னொன்றை எலக்ட்ரீஷியன்களே சில வேளைகளில் கவனிப்பதில்லை: கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்துடன் இணைந்திருக்காது, அந்நிலையில் வீட்டில் உள்ள கசிவு மின் துண்டிப்பான் மின்கசிவு ஏற்பட்டாலும் விழாமல் போகலாம். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, எர்த் இணைப்பை முறைப்படி செய்யச் சொல்லுங்கள்.

பெட்ரோலைச் சேமிப்பதற்கும் வரம்பு உண்டு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரையே உரிமம் இன்றி வைத்திருக்கலாம்.

படி 7: கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

1,500 வாட் மின்கெட்டில் ஒன்றையும் மல்டிமீட்டர் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சுமையில்லாதபோதும், கெட்டிலைப் போட்டபின்னும் மின்னழுத்தம் 230 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். கெட்டில் கொதிக்கும் வரை எந்திரம் தடுமாறக் கூடாது. பழுதுபார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் அங்கே கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள், வீட்டில் உள்ள மற்றவரையும் இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத மழைநாளில் அதைக் கிளப்பப்போவது அவர்தான்.

வாங்கியபின் முதல் 20 மணி நேர ஓட்டத்தில் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். அதன்பின் 100 மணிக்கு ஒருமுறை போதும். மழைக்காலம் முடிந்து எடுத்துவைக்கும்போது, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். தொட்டியில் மிஞ்சியதை வடித்து இருசக்கர வாகனத்தில் ஊற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.