‘ஃப்ரூகல்’ என்ற சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கான பயிற்சிக் கட்டுரையில், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய தம் பாட்டியைப் பாராட்ட நினைத்த மாணவி ஒருவர், ‘மை கிராண்ட்மதர் இஸ் வெரி ஸ்டிஞ்சி’ என்று எழுதியிருந்தார். பாட்டி சிக்கனமானவர் என்பதே அவர் சொல்ல வந்தது. எழுதியதோ பாட்டியைக் கஞ்சப்பிசினாறி ஆக்கிவிட்டது. அவருக்கு வேண்டியிருந்த சொல் ‘ஃப்ரூகல்’.

முதலில் உச்சரிப்பு. ‘ஃப்ரூ’ என்பதை நீட்டி அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் ‘கல்’ தரையில் கிடக்கும் கல்லன்று; ‘அங்கு’ என்ற சொல்லில் ஒலிக்கும் ககரத்தோடு அது மெலிந்து முடிய வேண்டும்.

பணத்தையோ பொருளையோ வீணாக்காமல், தேவைக்கு மேல் தமக்கென்று செலவழிக்காமல் வாழும் இயல்பை இச்சொல் குறிக்கிறது. விளைச்சல், பழம் என்று பொருள்படும் ‘ஃப்ரூக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. பயனுள்ளவர், உருப்படியானவர் என்ற கருத்து லத்தீனிலேயே அதில் ஏறியிருந்ததால், இன்றும் அதில் பெரும்பாலும் பாராட்டே தொனிக்கிறது. ஆகவே ‘சிக்கனமான’ என்பதோடு ‘கஞ்சத்தனமான’ என்பதையும் ஒரே வரியில் பொருளாகக் கொடுக்கும் அகராதியைக் கண்டால், இரண்டாவதை அடித்துவிடுங்கள் என்றே மாணவர்களிடம் சொல்கிறேன். மலாய்மொழியில் ‘ஜிமாட்’ என்பதற்கும் ‘கெடெகுட்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ள பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ‘ஃப்ரூகல்’ முன்னதைச் சேர்ந்தது, ‘ஸ்டிஞ்சி’ பின்னதைச் சேர்ந்தது.

எதைப் போடுவது என்று தடுமாறும்போது, வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று பாருங்கள். அந்த மாணவியிடமும் இதைத்தான் கேட்டேன். கெட்டிப்பால் டின் தீர்ந்துபோனால் பாட்டி அதைத் தூக்கி எறியமாட்டாராம். உள்ளே வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, சுவரில் ஒட்டியிருக்கும் பாலையும் கரைத்து, அந்த வெளிறிய தேநீரைத் தாம் குடித்துக்கொள்வாராம். வாசலில் யாராவது வந்து நின்றால் மட்டும், மறு பேச்சில்லாமல் புது டின்னை உடைத்துவிடுவாராம். தமக்குக் குறைத்துக்கொண்டு பிறருக்குக் குறைக்காத அந்தப் பாட்டி ‘ஃப்ரூகல்’. வந்தவருக்கும் டின் கழுவிய தண்ணீரையே நீட்டியிருந்தால் ‘ஸ்டிஞ்சி’ என்று எழுதியது சரியாகியிருக்கும்.

வாக்கியத்தில் அமைக்கும்போது, எதில் சிக்கனம் என்பதைச் சொல்ல ‘வித்’ சேர்க்கலாம்: ‘ஷி இஸ் ஃப்ரூகல் வித் மணி’. ஷேக்ஸ்பியர் காலத்தில் அங்கே ‘ஆஃப்’ வந்ததுண்டு; இன்று அப்படி எழுதினால் பழமை வாடை அடிக்கும். பண்புப் பெயர் வேண்டுமென்றால் ‘ஃப்ரூகாலிட்டி’. அதில் அழுத்தம் ‘கா’வுக்கு நகர்ந்துவிடும். ‘சிக்கனமாக வாழ்ந்தார்கள்’ என்பதற்கு ‘தே லிவ்ட் ஃப்ரூகலி’ போதும்.

நம்மவர்கள் தவறவிடும் இடம் உணவு. ‘அ ஃப்ரூகல் மீல்’ என்றால் செலவில்லாத எளிய சாப்பாடு. கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்துப் பசியாறினால் அது ‘ஃப்ரூகல் மீல்’. தமிழில் அதைச் ‘சிக்கனமான சாப்பாடு’ என்று பெயர்த்தால் சமைத்தவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால், ‘எளிய உணவு’ என்பதே பொருந்தும். விலைக்கும் கடைக்கும் இச்சொல் ஒட்டாது. மலிவான கடையை ‘ஃப்ரூகல் ஷாப்’ என்று எழுதக் கூடாது. அங்கே ‘சீப்’ வரும். அதே ‘சீப்’ மனிதர்மேல் விழுந்தால் வசையாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘த்ரிஃப்டி’ ஏறத்தாழ இதே பொருளுடையது; செழித்தலைக் குறிக்கும் ‘த்ரைவ்’ என்ற வினைக்கு உறவானதாலோ என்னவோ, மிச்சம் பிடித்துச் சேர்த்துவைக்கும் சாயல் அதில் சற்றுக் கூடுதலாக எனக்குப் படுகிறது. ‘எக்கனாமிக்கல்’ பெரும்பாலும் வண்டிக்கும் வழிமுறைக்கும் பொருந்தும். ஆனால் ஒருவரை ‘எக்கனாமிக்கல் வித் த ட்ரூத்’ என்றால், அவர் முழு உண்மையையும் சொல்லாமல் மறைக்கிறார் என்று நாசூக்காக இடிப்பதாகும்.

கடைசியாக ‘ஸ்பேரிங்லி’. தோலில் பூசும் மருந்துக் குழாயில் ‘அப்ளை ஸ்பேரிங்லி’ என்று அச்சிட்டிருந்தால், மருந்தை மிச்சம் பிடிக்கச் சொல்வதாக எண்ணி ஒரு வேளை பூசாமல் விட்டுவிடக் கூடாது. சொன்ன வேளைகளில் தவறாமல், ஆனால் ஒவ்வொரு முறையும் மெல்லிய படலமாகப் பூசவேண்டும் என்பதே அதன் பொருள். அந்த இடத்தில் ‘ஃப்ரூகலி’ என்று எவரும் எழுதுவதில்லை.