ஹாட்ரியன் கல்லறையை வரலாற்று முறைப்படி பார்ப்பது எப்படி?

ரோமில் டைபர் ஆற்றங்கரையில் உள்ள சாந்தாஞ்சலோ கோட்டைக்குச் செல்வோர் பலரும் திருத்தந்தையரின் ஓவிய அறைகளையும் மேல்தளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அகஸ்டஸ் பேரரசரின் கல்லறையில் இடம் தீர்ந்துபோனதால் இரண்டாம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஹாட்ரியன் புதிதாக எழுப்பிய கல்லறைதான் அக்கோட்டையின் உடல் என்பதை அவர்கள் அறியாமல் போவது பெரிய இழப்பு.

ஆகவே வாசலுக்குப் போகுமுன் எதிரே உள்ள பாலத்தில் சற்று நில்லுங்கள். கி.பி. 134இல் ஹாட்ரியன் கட்டிய அப்பாலத்தில் நடுவிலுள்ள மூன்று வளைவுகள் பழையவை. பத்துத் தேவதூதர் சிலைகள் 17ஆம் நூற்றாண்டில் சிற்பி பெர்னினியின் திட்டப்படி வைக்கப்பட்டவை. அங்கிருந்தபடி, மேலேயுள்ள மாளிகைகளை விட்டுவிட்டு, ஏறத்தாழ 64 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சுவரை மட்டும் கவனியுங்கள். 138இல் ஹாட்ரியன் இறந்தபோது முடிவுறாதிருந்த இக்கட்டடத்தை, அடுத்து ஆண்ட அந்தோனினஸ் பயஸ் 139இல் நிறைவுசெய்தார்.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை உள்ளே வளைந்து மேலேறும் சாய்பாதைக்கே ஒதுக்குங்கள். பேரரசர்களின் அஸ்தி சென்ற வழி இதுவே. செங்கல் சுவரை அருகில் சென்று பாருங்கள்: ஒரு காலத்தில் அதைப் போர்த்தியிருந்த பளிங்குப் பலகைகள் போய்விட்டன, ஆனால் தரையில் கருப்பு வெள்ளை மொசைக்கின் எச்சங்கள் இன்னும் இருக்கின்றன. பாதை கொண்டுசேர்க்கும் நடு அறையில்தான் கலசங்கள் வைக்கப்பட்டன. மார்கஸ் அவுரேலியஸின் எச்சங்களும், 217இல் கொல்லப்பட்ட கராகல்லாவின் எச்சங்களும் இங்கு வந்தன. இன்று ஒரு கலசமும் இல்லை.

சிலைகள் எங்கே என்று தேடுவோர் 537ஆம் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். நகர மதிலோடு இணைக்கப்பட்டு அரணாகிவிட்ட கல்லறையை ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர் தாக்கியபோது, காவல் வீரர்கள் சிலைகளை உடைத்து அவர்கள்மேல் வீசியதாக வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார்.

அதன்பின் முற்றத்துக்கு ஏறுங்கள். 590இல் கொள்ளைநோய் வாட்டியபோது நோய் முடிந்ததன் அடையாளமாக மிக்கேல் அதிதூதர் இதன் உச்சியில் வாளை உறையிலிட்டதைத் திருத்தந்தை கிரகோரி கண்டார் என்ற மரபுக் கதையே கோட்டைக்குச் சாந்தாஞ்சலோ, அதாவது புனிதத் தூதர், என்ற பெயரைத் தந்தது. முற்றத்திலுள்ள பளிங்குத் தூதர் 16ஆம் நூற்றாண்டுக்குரியவர். உச்சியில் நிற்கும் வெண்கலத் தூதர் 1753இல் வந்தவர். மேல்தளத்திலிருந்து வத்திக்கான் பக்கம் நோக்கினால், 1527இல் நகரம் சூறையாடப்பட்டபோது திருத்தந்தை ஏழாம் கிளமென்ட் தப்பிவந்த மதில்வழிப் பாதை முழுதாகத் தெரியும்.