அமெரிக்காவில் வீடிழந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள், வேறு வழியின்றி மோட்டலிலோ காரிலோ தங்குபவர்கள் எல்லோரும், வீடற்ற பிள்ளைகளின் படிப்புக்கான மெக்கின்னி–வென்டோ என்ற கூட்டாட்சிச் சட்டப்படி வீடற்றவர்கள்தான். 'நாங்கள் தெருவில் இல்லையே' என்று வாய் திறக்காமல் இருந்து உரிமையை இழப்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வீடற்ற பிள்ளைகளுக்கு உதவும் 'ஹோம்லெஸ் லயசன்' என்ற அலுவலர் ஒருவர் கட்டாயம் உண்டு. முதலில் அவரைக் கேளுங்கள். முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய மதிப்பெண் பட்டியல் எதுவும் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்த்தாக வேண்டும். பள்ளி கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். "கரண்ட் பில் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்க்கலாம். அங்கேயே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு முடியும்வரை பிள்ளை வகுப்பில் உட்காரலாம்.

பழைய பள்ளியிலேயே தொடர நினைத்தால் அந்த விருப்பத்தோடு பஸ் வசதியையும் சேர்த்தே கேளுங்கள். கேட்டால் மாவட்டம் ஏற்பாடு செய்தாக வேண்டும். மதிய உணவு இலவசம்.

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வேறு குடும்பத்திலோ இல்லத்திலோ வளரும் ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளுக்குச் சட்டம் வேறு. ஆனால் அங்கும் பழைய பள்ளிக்கே முன்னுரிமை. மாற்றுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று முடிவானால் ஒழிய மாற்றக் கூடாது. 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது ஃபாஸ்டர் கேரில் இருந்தவர், கல்லூரி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோர் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை.