தண்ணீர் இல்லாத மடக்குக் கழிப்பறை: வாங்கும் முன்

கடலூர் பக்கம் சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா? ஸ்டூலில் பையை மாட்டி உட்காரும் இந்தக் கழிப்பறை இருந்தால் குழி தோண்ட வேண்டாம், ராத்திரியில் டார்ச்சோடு புதர் தேட வேண்டாம். சிக்கல் என்னவென்றால், நாம் கழுவாமல் எழ மாட்டோமே! அந்தத் தண்ணீரும் பையில் விழுந்தால், ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கப் பையில் போடும் ஜெல் பவுடர் தாங்காது, பை கனத்துவிடும். டிஷ்யூவால் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, தள்ளிப்போய்ச் சொம்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஓடைப் பக்கம் வேண்டாம். பவுடர் தீர்ந்தால் தென்னை நார்த்தூள் இரண்டு கை தூவலாம், நாற்றம் அடங்கும். மணலில் ஸ்டூல் கால் ஒரு பக்கமாகப் புதையும். நான் ஒருமுறை சாய்ந்தே போனேன்! அடியில் பலகை போடுங்கள். அப்புறம், பையை மணலில் புதைக்காதீர்கள். இன்னொரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மூடியுள்ள பக்கெட்டில் வீட்டுக்கே எடுத்து வந்து டயப்பர் குப்பையோடு கொடுங்கள்.