பெரே தொப்பி: ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டையான, மென்மையான வட்டக் கம்பளித் தொப்பியான பெரேவை வாங்கும் ஆண்களில் பலர் இரண்டொரு முறை அணிந்து பார்த்துவிட்டு, தமது முகத்துக்கு இது ஒத்துவராது என்று அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் முகத்தில் இல்லை. தொப்பியைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் தலையில் வைத்த விதத்திலும்தான் இருக்கிறது.

இதை வேடத்துக்குரிய தொப்பியாக எண்ணுவதே முதல் தவறு. ஓவியர்களின் அடையாளமாவதற்கு முன்பே, பிரான்சின் தென்மேற்கில் பைரனீஸ் மலையை ஒட்டிய பெயார்ன் பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கும் குளிருக்கும் அணிந்த உழைப்பாளித் தொப்பி இது. (அண்டையிலுள்ள பாஸ்க் மக்களின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது பிறகுதான்.) கோடு போட்ட சட்டையும் கழுத்துத் துணியுமாக ஒப்பனை செய்துகொள்ளாமல், அன்றாடக் கோட்டுடனோ ஸ்வெட்டருடனோ அணிந்தாலே அது இயல்பாகப் பொருந்தும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தலையின் சுற்றளவு ஒன்று, மேல்வட்டத்தின் விட்டம் மற்றொன்று என இதற்கு இரண்டு அளவுகள் உண்டு. முதலாவதை அளவுநாடாவால் காதுகளுக்குச் சற்று மேலே சுற்றி எடுக்கலாம். இரண்டாவதைத் தோளின் அகலம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அகன்ற தோள் உடையவர் சிறிய வட்டத்தை அணிந்தால் அது தலைமேல் வைத்த மூடிபோலத் தெரியும்.

காதுகள் மறையும்படி குல்லாய்போல இழுத்துவிடுவதும் கூடாது. விளிம்பு நெற்றியில் சமமாகப் படிந்தபின், மேற்பகுதியை ஒரு பக்கமாகக் கையால் தள்ளிவிட்டால் போதும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காம்பைப் பிசிறு என்று கருதிக் கத்தரித்துவிடாதீர்கள். பின்னலின் மையத்துத் துளையை மூடி நிற்பது அதுவே.

படைவீரர்களின் பெரே தனி மரபுடையது. டாங்கிக்குள் வெளியே நீண்ட விளிம்புள்ள தொப்பி இடிக்கும், எண்ணெய்க் கறையோ கறுப்பில் தெரியாது என்பதால் 1924இல் பிரிட்டனின் ராயல் டாங்க் கோர் கறுப்புப் பெரேவை ஏற்றது. பிரிட்டிஷ் வீரர்கள் அதை வலப்பக்கம் சாய்ப்பார்கள், பிரெஞ்சு வீரர்கள் பொதுவாக இடப்பக்கம் சாய்ப்பார்கள். அமெரிக்கச் சிறப்புப் படைக்குப் பச்சைப் பெரேவை 1961இல் அதிபர் கென்னடி அனுமதித்தார். கடும் பயிற்சியால் ஈட்டப்படும் படைச் சின்னங்களை நம் பெரேவில் அழகுக்காகக் குத்திக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாகத் துவைப்பது. தலையைவிட மிகப் பெரிதாகப் பின்னிய கம்பளியை, வெந்நீரிலும் சோப்பிலும் அடித்து அடித்து, கண்ணிகளே தெரியாதபடி நார்கள் பிணைந்து இறுகும்வரை சுருக்கித்தான் பெரேவை உருவாக்குகிறார்கள். அதையே வீட்டில் வெந்நீரில் ஊறவைத்தாலோ இயந்திரத்தில் சுழலவிட்டாலோ, அந்தச் சுருக்கம் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிடும். குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி எடுத்து, மேல்வட்டத்தின் அளவுள்ள தட்டு ஒன்றை உள்ளே செருகி நிழலில் உலரவிடுங்கள். ஈரக் கம்பளி அந்தத் தட்டின் வட்டத்தையே தன் வடிவமாக்கிக்கொள்ளும்.