படர்தாமரையும் நான் பூசிய தப்பான களிம்பும்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்கு, ஆனி மழையில் இடுப்பு ஈரம் காயவே காயாது, அப்படித்தான் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கியது. நிறுத்தியதும் வட்டம் உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டது. தோல் டாக்டர் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த குளோபெட்டசாலைக் காட்டினார். ஸ்டீராய்டாம், சிவப்பை மறைக்கும், பூஞ்சையைப் பரவவிடும்.

அப்புறம் அவர் எழுதித் தந்த, ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு, வெறும் குளோட்ரிமசோல் 1 சதவீதம்தான். குளித்து, மடிப்பெல்லாம் துடைத்து நன்றாக உலரவிட்டு, காலையும் இரவும், வட்டத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை சேர்த்து மெல்லியதாகப் பூசினேன். வட்டம் மறைந்த பிறகும் 2 வாரம் விடவில்லை. வீட்டில் எல்லாருக்கும் துவட்ட ஒரே தோர்த்துத் துண்டு, அதையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தேன்; அம்மாவுக்குத்தான் கோபம்.